குளிர்காலத்தில் உதடு வெடிப்பு: வராமல் தடுப்பதும் வந்தால் ஆற்றுவதும்

உதடு காய்ந்தவுடன் நாக்கு தானாகவே அங்கே சென்றுவிடுகிறது. குளிர்காலத்தில் உதட்டைப் பாதுகாக்க நினைப்பவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். எச்சில் பட்டதும் சில நொடிகள் இதமாக இருக்கும். ஆனால் அது ஆவியாகும்போது உதட்டில் எஞ்சியிருந்த ஈரத்தையும் உடன் கொண்டுபோய்விடுவதால், முன்பைவிட அதிகமாகக் காய்ந்து, மீண்டும் நக்கத் தோன்றும். மேலும், உணவைச் செரிக்க உதவும் நொதிகள் எச்சிலில் இருப்பதால், ஏற்கெனவே நலிந்திருக்கும் தோல் அதனால் இன்னும் எரிச்சலடைகிறது. சில சிறுவர்களுக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து செதில் பிடித்திருப்பதைக் காணலாம். உற்றுப் பார்த்தால், அந்தச் சிவப்பு நாக்கு எட்டும் தூரத்தோடு நின்றிருக்கும். அவர்களைக் கண்டிப்பதைவிட, உதட்டில் எப்போதும் களிம்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பயன் தரும்.

உடலின் மற்ற இடங்களைவிட உதடு விரைவில் வெடிப்பதற்கு அதன் அமைப்பே காரணம். உதட்டின் சிவந்த பகுதியில் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. தோலுக்கு மெழுகுபோல் காப்பளிக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த காற்றால் குறைந்த அளவு நீராவியையே தாங்க முடியும். அதே காற்றை அறைக்குள் சூடாக்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் மேலும் குறைந்துவிடுவதால், வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் உதடு வெடிக்கிறது. சளியால் மூக்கு அடைபட்டு வாய் வழியாக மூச்சு விடுபவர்களுக்கு இரவு முழுவதும் உதட்டின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் மூக்கடைப்பைக் கவனிக்காமல் களிம்பை மட்டும் நம்புவதில் பொருளில்லை.

களிம்பு தடவுவதற்கும் ஒரு முறை உண்டு. களிம்பின் முக்கிய வேலை உதட்டில் உள்ள ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பதே ஆகையால், காய்ந்த உதட்டின் மேல் தடவுவதைவிட ஈர உதட்டின் மேல் தடவுவது நல்லது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்மையான துணியை ஓரிரு நிமிடங்கள் உதட்டின் மேல் வைத்திருந்து, துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் போவதற்குள் களிம்பைத் தடவ வேண்டும். சிவந்த பகுதியோடு நின்றுவிடாமல் அதன் விளிம்பைச் சற்றுத் தாண்டியும், வாயின் இரு ஓரங்களிலும் தடவுங்கள். உரிந்து நிற்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. அது அடியில் ஒட்டியிருக்கும் நல்ல தோலையும் இழுத்துக்கொண்டு வந்து இரத்தம் கசியச் செய்யும். களிம்பில் ஊறியபின் அது தானாகவே உதிரும். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து தேய்க்கும் பரவலான யோசனையை வெடித்த உதட்டில் முயல வேண்டாம்: சாற்றின் அமிலம் எரிக்கும், சர்க்கரை கீறும்.

எந்தக் களிம்பு என்று கேட்டால், மணமும் சுவையும் இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. விலை உயர்ந்த பல களிம்புகள் செய்வதை அது அமைதியாகச் செய்துவிடுகிறது. ஷியா என்னும் ஆப்பிரிக்க மரத்தின் கொட்டைக் கொழுப்பான ஷியா வெண்ணெய், சிலிகோன் வகைப் பொருளான டைமெத்திகோன் ஆகியவை உள்ளவையும் நல்லவையே. தேன்மெழுகும், செம்மறியாட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகான லனோலினும் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொண்டாலும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும். மெந்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை, புதினா எண்ணெய் ஆகியவை கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை தரும் குறுகுறுப்பை மருந்து வேலை செய்வதன் அறிகுறியாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எரிச்சலே. எவ்வளவு தடவினாலும் வெடிப்பு ஆறாவிட்டால், களிம்பை மட்டுமன்றி, பற்பசையையும் உதட்டுச் சாயத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

உணவுக்குப் பின்பும், வெளியே கிளம்பும் முன்பும், படுக்கப் போகும்போது சற்றுக் கனமாகவும் தடவுவது போதும். பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் இருப்பவர்கள் வெயில் காப்பின் அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட உதட்டுக் களிம்பைப் பயன்படுத்தி, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். பனி சூரிய ஒளியைப் பெருமளவு எதிரொளிப்பதால் பனிப்பிரதேசங்களில் இது இன்னும் அவசியம். குளிர்காற்றில் நடக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளலாம். துணி நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும். தண்ணீர் போதிய அளவு குடிப்பது உடலுக்குத் தேவைதான், ஆனால் குடிநீர் மட்டும் வெடிப்பை ஆற்றிவிடாது. ஒருவருடைய களிம்பை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இவ்வழியில் பரவக்கூடும்.

முறையாகக் கவனித்தும் இரண்டு மூன்று வாரங்களில் ஆறவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாய் ஓரங்களில் மட்டும் பிளந்து புண்ணாவது பூஞ்சைத் தொற்றாகவோ, இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைபாடாகவோ இருக்கலாம். அதற்குப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு உதடு காய்வது எதிர்பார்க்கத்தக்கதே என்றாலும், அதற்காக அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கீழுதட்டில் ஒரே இடத்தில் சொரசொரப்பான வெண்திட்டோ ஆறாத புண்ணோ நீடித்தால், அது நீண்டகால வெயில் பாதிப்பாகவும் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்க வாய்ப்புண்டு. அதைக் குளிர்கால வெடிப்பு என்று எண்ணி அடுத்த பருவம்வரை தள்ளிப்போடக் கூடாது.