பில்லியை எங்கிருந்து ஆரம்பிப்பது?
பாரி ஹைன்ஸின் 1968 நாவல் ‘எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்’ உங்கள் வகுப்புக்குப் பாடமாக இருந்தால், அதன் நாயகனான சிறுவன் பில்லி காஸ்பரைப் ‘பிரச்சினைக்காரப் பையன்’ என்று அறிமுகப்படுத்திவிட்டு ஆரம்பிக்காதீர்கள், அந்த முத்திரை அப்புறம் போகவே போகாது. முதலில் பிள்ளைகளை ‘நம்பவே முடியாத கதை’ ஒன்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். பேய், ராக்கெட் எல்லாம் வரும், வரட்டும். பிறகு நாவலில் பில்லி எழுதும் அதே மாதிரிக் கதையை, எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் நகலெடுத்துக் கொடுத்து, சத்தமாகப் படியுங்கள்: படுக்கையிலேயே காலை உணவு, அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டான், அப்பா திரும்பி வந்துவிட்டார், வாத்தியார்கள் அன்பாக நடந்துகொள்கிறார்கள். அவனுக்கு அதுதான் கட்டுக்கதை! வகுப்பு அமைதியாகிவிடும், உடனே விளக்கப் போகாதீர்கள். தான் வளர்க்கும் வல்லூறை (தலைப்பில் வரும் ‘கெஸ்ட்ரல்’ அதுதான்) பழக்கிய விதத்தை பில்லி சொல்லச் சொல்ல வகுப்பே கேட்கும் காட்சியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.