ராடு வாங்கும் முன் ஆர்.பி.எம்மை முடிவு செய்யுங்கள்

மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் இன்ஜினை ரேஸுக்குக் கட்டப் போகிறேன், எந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வாங்கலாம் என்று கேட்டு வரும் பையன்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை ஆர்.பி.எம் வரை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை சுற்றப் போகிறாய்? பெரும்பாலும் குதிரைத்திறனைப் பதிலாகச் சொல்வார்கள். டர்போ போடாத இன்ஜினில் ராடை முறிப்பது குதிரைத்திறன் அல்ல, சுற்றுதான்.

இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 75.5 மி.மீ. 6,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர், 7,500-ல் 19 மீட்டர். வேகம் கால் பங்குதான் ஏறியது. ஆனால் பிஸ்டன் ராடை இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 350 கிராம் என்று வைத்தால், 7,500-ல் மேல்முனையில் அந்த இழுவை ஏறத்தாழ ஒரு டன். அதிலும் புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலிருந்து பிஸ்டனை அழுத்த வாயு இருக்காது. முழு இழுவையையும் தாங்குவது, ராடை கிராங்க்கோடு பூட்டும் மூடியின் இரண்டு போல்ட்கள்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். ஒரு முறை புது பிஸ்டன் போட்டு, கம்பெனி ராடையே வைத்து, பழைய போல்ட்டையே முறுக்கிவிட்டேன். செட்டிப்பாளையம் ட்ராக்கில் இரண்டாவது பயிற்சி ஓட்டத்தில் மூன்றாம் சிலிண்டர் ராடு பிளாக்கைப் பிளந்து வெளியே வந்தது. பிளாக், கிராங்க், ஹெட் எல்லாம் போயிற்று. ஓட்டிய பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் ராடின் தண்டு வெட்டுமுகத்தில் H வடிவமா (ஹெச் பீம்), I வடிவமா (ஐ பீம்) என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். நல்ல 4340 ரக ஸ்டீலில் ஃபோர்ஜ் செய்த (அழுத்தி அடித்து உருவாக்கிய) எதுவும் இந்த வேலைக்குப் போதும். என்ன போல்ட் என்று கேளுங்கள். ஏ.ஆர்.பி என்ற போல்ட் கம்பெனியின் 2000 தரமாவது இருக்கட்டும். டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாமல், போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஸ்ட்ரெச் கேஜில் அளந்து முறுக்குங்கள். கம்பெனி ராடில் புது போல்ட் மாற்றினால் கிராங்க்கில் பூட்டும் பெரிய துளையின் வட்டம் மாறிவிடும், அதை மறுபடி சைஸ் செய்தே ஆக வேண்டும். டர்போ போடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு: அங்கே மேலிருந்து வரும் அழுத்தம் ராடை வளைக்கப் பார்க்கும், தண்டின் கனம் முக்கியமாகிவிடும்.

சரி, பிஸ்டனுக்கு வருவோம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு உலோகங்கள் அதிகம் கிடைக்கும். 4032-ல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாக விரியும், போரில், அதாவது சிலிண்டர் துளையில், நெருக்கமாகப் பொருத்தலாம். 2618-ல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அடி தாங்கும், ஆனால் நிறைய விரிவதால் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் டக் டக்கென்று சத்தம் வரும். டர்போ இல்லாத, தினமும் ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு நான் 4032-தான் போடுவேன்.

கம்ப்ரஷனை மனக்கணக்கில் விடாதீர்கள். ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9.5 வேண்டுமென்றால், மேல்முனையில் நிற்கும் பிஸ்டனுக்கு மேலே மிஞ்ச வேண்டிய இடம் 38.2 சிசி, 11 வேண்டுமென்றால் 32.5 சிசி. வித்தியாசம் ஒரு டீஸ்பூன் மருந்தளவை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஹெட்டை மெல்லச் சீவுவதும் கேஸ்கட் கனம் மாறுவதுமே அதில் பாதியைத் தின்றுவிடும். ஹெட்டின் குழியைச் சிரிஞ்சில் எண்ணெய் விட்டு அளந்த பிறகு பிஸ்டன் தலையின் மேடு பள்ளத்தை முடிவு செய்யுங்கள்.

பிஸ்டன் கைக்கு வரும் முன் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பவே கூடாது. ஒவ்வொரு பிஸ்டனையும் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து, எந்தச் சிலிண்டருக்கு எது என்று எண் போட்டு, அதற்கேற்ப சிலிண்டர் துளையை ஹானிங் செய்யச் (கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரச்) சொல்லுங்கள். மேல் ரிங்கின் வாய் இடைவெளிக்குப் போர் அளவை 0.004-ஆல் பெருக்குங்கள், 74 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. வரும். டர்போவுக்கு 0.40 வரை விடலாம். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும். கொஞ்சம் கூடினால் ஆபத்தில்லை.

அப்புறம் பெரிய கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) போட்டிருந்தால், வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்கக் களிமண் சோதனை. பிஸ்டன் தலையிலுள்ள வால்வுப் பள்ளத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டையும் டைமிங் பெல்ட்டையும் பூட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணைப் பிளேடால் வெட்டிக் கனம் பாருங்கள். இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இல்லையென்றால் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். கட்டரை வைப்பதற்கு முன், பள்ளத்துக்கு அடியில் பிஸ்டனின் கனம் எவ்வளவு மிஞ்சும் என்று அளந்துகொள்ளுங்கள்.