மான்ஸ்டருக்கு நம்பர் போடுறப்போ நான் சொதப்பின இடங்கள்

மழைக்காலத்துல கோத்தகிரி பக்கம் கரண்ட் போச்சுன்னா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு சாயங்காலம் எமர்ஜென்சி லைட்டை நடுவுல வெச்சு ஆரம்பிச்சதுதான் எங்க டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் போட்டு ஆடற கதை விளையாட்டு) ஆட்டம். பிளேயர் நாலு பேரு, கதையையும் மான்ஸ்டரையும் நடத்தற ஆளு, அதாவது டிஎம், நானு. புக்ல இருக்கற கோப்ளினையும் டிராகனையும் எத்தனை நாளைக்கு அடிக்கறது, நம்ம மலையில இருக்கறதையே மான்ஸ்டர் ஆக்கிடலாம்னு காட்டெருமை, அட்டைக் கூட்டம், பனிமூட்டத்துக்குள்ள நிக்கற பேய்னு நானே எழுத உக்காந்தேன். கதை எல்லாம் சூப்பரா வந்துச்சு, நம்பர்லதான் மொத்தமும் ஊத்திக்கிச்சு. சொந்தமா மான்ஸ்டர் எழுதறவங்க இதையாவது பண்ணாம இருங்கன்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல காட்டெருமை. டீ எஸ்டேட் ஓரத்துல அது நிக்கறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும், பாறை மாதிரி இருக்கும், அதனால ஏசி (அடி படணும்னா டைஸ் கணக்கு தொட வேண்டிய நம்பர்) 19, ஹெச்பி (சாயறதுக்கு முன்னாடி எவ்ளோ டேமேஜ் தாங்கும்கறது) 180னு போட்டுட்டேன். எங்காளுங்க 3வது லெவல், அட்டாக்குக்கு பிளஸ் 5, அதாவது டைஸ்ல விழறதோட 5 கூட்டிக்கலாம். அப்போ 20 முக டைஸ்ல 14 இல்ல அதுக்கு மேல விழுந்தாத்தான் அடி படும், நூத்துக்கு 35 தடவை. பட்டா சராசரியா 8 டேமேஜ், நாலு பேரையும் சேர்த்தா ரவுண்டுக்கு 11 சொச்சம், இப்ப 180ஐ அதால வகுத்துப் பாருங்க, 16 ரவுண்டு வருது! எங்க வீட்ல ஒரு ரவுண்டு முடிய ஏழெட்டு நிமிஷம் ஆகும், ஆக ஒரே ஒரு எருமைக்கு ரெண்டு மணி நேரம். ஒம்பதாவது ரவுண்டுல ஒருத்தன் டைஸை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கோபுரம் கட்டிட்டு இருந்தான், அவன் டர்ன் வந்ததுகூட அவனுக்குத் தெரியல.

அப்புறம் ஏசி 13, ஹெச்பி 80ன்னு மாத்தினேன். 8 விழுந்தாலே படும், அதாவது 65 சதவீதம், ரவுண்டுக்கு 20 சொச்சம் இறங்கும், நாலு ரவுண்டுல கதை முடிஞ்சிரும். மான்ஸ்டர் பயங்கரமா தெரியணும்னா அது முட்டுற டேமேஜை ஏத்துங்க, தோலை தடிமனாக்கிட்டே போகாதீங்க. அதுலயும் ஒரு அளவு இருக்கு, ஹெச்பி கம்மியா இருக்கற ஆளு (எப்பவும் மந்திரவாதிதான் பாவம்) நல்லா நின்னுட்டு இருக்கறப்போ ஒரே முட்டுல சாயற மாதிரி வெச்சிடாதீங்க.

அட்டை மேட்டர் இதுக்கு நேர் எதிர். சின்ன ஜந்துதானே, ஒண்ணுக்கு 25 எக்ஸ்பி (ஜெயிச்சா கெடைக்கற பாயிண்ட், அது சேர்ந்தாத்தான் லெவல் ஏறும்), 1வது லெவல் ஆளுங்க மேல 12 விட்டேன். ஒவ்வொண்ணும் பாத்தா சுண்டைக்காய். ஆனா பிளேயருக்கு நாலு டர்ன், அட்டைங்களுக்கு பன்னிரண்டு டர்ன், பாதி பட்டாலே ஆறு கடி, கடிக்கு 3 டேமேஜ்னா ரவுண்டுக்கு 18 போயிருச்சு, மந்திரவாதிகிட்ட மொத்தமே 8தான் இருந்துச்சு. 2014ல வந்த 5வது எடிஷன் ரூல்ஸ்ல இதுக்குன்னே ஒரு கணக்கு உண்டு: 11ல இருந்து 14 மான்ஸ்டர் வரைக்கும் வந்தா மொத்த எக்ஸ்பியை மூணால பெருக்கி அதை வெச்சு சண்டை எவ்ளோ கஷ்டம்னு பாக்கணும். 12 அட்டைக்கு 300, மூணால பெருக்கினா 900. 1வது லெவல் ஆளுங்க நாலு பேருக்கு 400 தாண்டினாலே உயிருக்கு ஆபத்துன்னு புக்கே சொல்லுது, நான் அதுல ரெண்டு மடங்குக்கு மேல விட்டிருக்கேன். 2024 ரூல்ஸ்ல இந்தப் பெருக்கல் இல்ல, ஆனாலும் யாருக்கு எத்தனை டர்ன்னு எண்ணிப் பாக்கறதை விட்றாதீங்க.

இதுல இன்னொரு கூத்து, அந்தப் பெருக்கல் கஷ்டத்தை அளக்க மட்டும்தான், பரிசா குடுக்கறது பழைய 300ஏதான், அதையும் நாலு பேருக்கு பிரிச்சா தலைக்கு 75. நான் பிரிக்கவே இல்ல, ஆளுக்கு 300ன்னு அள்ளிக் குடுத்துட்டேன். 2வது லெவலுக்கு வேணும்கறதே 300தான், அட்டையை நசுக்கினதுக்கு எல்லாரும் லெவல் ஏறிட்டாங்க.

பேய் கதையை சுருக்கமா சொல்றேன். அது பாத்தா உறைஞ்சு போய்டுவாங்க, சண்டை முடியற வரைக்கும் அசைய முடியாதுன்னு எழுதி வெச்சிருந்தேன். முதல் ரவுண்டுலயே ஒரு ஃப்ரெண்டு மாட்டினான், முக்கால் மணி நேரம் சும்மா உக்காந்து தட்டுல இருந்த வர்க்கி மொத்தத்தையும் டீல முக்கி முக்கி காலி பண்ணிட்டான். இப்ப ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் திரும்ப ஒரு தடவை டைஸ் போட்டு தப்பிக்கலாம்னு மாத்தியாச்சு. தனியா வர்ற பெரிய மான்ஸ்டரா இருந்தா மத்தவங்க டர்னுக்கு நடுவுல அதுக்கும் ஒண்ணு ரெண்டு ஆக்‌ஷன் குடுத்துடுங்க, இல்லேன்னா நாலு பேர் சுத்தி நின்னு ரெண்டே ரவுண்டுல முடிச்சிடுவாங்க.

எக்ஸ்பியை எதுக்கு குடுக்கறதுங்கறதுதான் நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுகிட்ட விஷயம். இங்க பொறந்து வளர்ந்த எவனாவது ரோட்டுல காட்டெருமை நின்னா கோடாலி எடுத்துட்டு போவானா? ஹெட்லைட்டை அணைச்சுட்டு அதுவா போற வரைக்கும் வண்டியிலயே உக்காந்திருப்போம். ஆனா என் ஆட்டத்துல அதே பசங்க பாத்தவுடனே பாய்ஞ்சாங்க, ஏன்னா கொன்னாத்தான் எக்ஸ்பின்னு ரூல் போட்டது நான். 1974ல முதல்ல வந்த டி அண்ட் டில புதையல்ல கெடைக்கற தங்கக் காசுக்கும் ஒண்ணுக்கு ஒரு எக்ஸ்பி உண்டு, அதனால சண்டையே போடாம நைசா காசை எடுத்துட்டு ஓடறதும் நல்ல ஆட்டமா இருந்துச்சு.

அதனால போன மாசம் எருமைக்கு 700 எக்ஸ்பி, தாண்டிப் போனாலும் கொன்னாலும் ஒரே கணக்குன்னு முதல்லயே சொல்லிட்டேன். பந்தத்தை அணைச்சுட்டு சரிவுல படுத்துக் கெடந்து, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எல்லாம் என்கிட்ட கேட்டு, இருபது நிமிஷத்துல தாண்டிட்டாங்க, தலைக்கு 175. கோடாலிக்காரன் மட்டும் இன்னும் முறைச்சுட்டு இருக்கான், அவனுக்காக அடுத்த வாரம் ஒரு கரடி எழுதிட்டு இருக்கேன், ஏசி 12.