யோம் கிப்பூரில் யோனா: பொருள் கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் 10ஆம் நாள் வரும் யோம் கிப்பூர், ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீருமின்றி நோற்கப்படும் பாவநிவர்த்தி நாளாகும். அன்று பிற்பகலில் நடைபெறும் மின்ஹா வழிபாட்டில், லேவியராகமத்தின் 18ஆம் அதிகாரத்தை வாசித்தபின், யோனாவின் நூல் முழுவதையும் வாசிக்கிறார்கள். நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியபோது கடல்வழியே தப்பி ஓடி, மீனால் விழுங்கப்பட்டு மீண்டு, பின் அங்கே சென்று எச்சரித்த தீர்க்கதரிசியின் கதை அது. யூதச் சட்ட, மரபு விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் மெகில்லா பகுதியே இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையாகவே யோனாவை அறிந்தவர்கள் இந்த வாசிப்புக்குப் பொருள் சொல்ல முற்படும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன.

மீனை மையமாக்குவது அவற்றுள் முதலாவது. எபிரேய நூலின் 48 வசனங்களில் மீன் குறிப்பிடப்படுவது மூன்றே வசனங்களில்தான். அதுவும் பெரிய மீன் என்ற அளவில் மட்டுமே. அது திமிங்கிலமா, மனிதன் அதன் வயிற்றில் பிழைத்திருக்க முடியுமா என்ற ஆராய்ச்சியில் இறங்குபவர்கள், இந்நூலை இந்த நாளுக்கெனத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை விட்டு வெகுதூரம் போய்விடுகிறார்கள்.

நினிவே நகரத்தார் நோன்பிருந்தார்கள், அதனால் தப்பினார்கள், ஆகவே நோன்பு நாளில் இக்கதையை வாசிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது இன்னும் பரவலான தவறு. அரசன் சாம்பலில் உட்கார்ந்ததும், ஆடுமாடுகளுக்குக்கூட துக்கத்தின் அடையாளமான இரட்டுத் துணி உடுத்தியதும் நூலில் இருப்பவைதாம். ஆனால் யூத மரபு இவ்விடத்தை வாசித்த விதம் வேறு. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவின் தானித் பகுதி, மழை பொய்த்த காலத்துப் பொது நோன்பை விவரிக்கும்போது, கூட்டத்திலுள்ள மூத்தவர் மக்களை நோக்கிச் சொல்ல வேண்டியதை வகுத்துத் தருகிறது: நினிவே மக்களின் இரட்டு உடையையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று எழுதப்படவில்லை, அவர்கள் தங்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயல்களைக் கண்டார் என்றே எழுதப்பட்டிருக்கிறது. திருடிய மர உத்தரத்தை வைத்து மாளிகை கட்டியவன், மாளிகையை இடித்தாவது அந்த உத்தரத்தை உரியவரிடம் ஒப்படைத்தான் என்று பாபிலோனியத் தல்மூத் இதை மேலும் விரித்துரைக்கிறது. இன்னொரு தல்மூதான எருசலேம் தல்மூதோ அவ்வளவு தாராளமாக இல்லை. கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், பெட்டியில் பூட்டி வைத்திருந்ததைக் கொடுக்கவில்லை என்று ரப்பி யோகனான் அங்கே கூறுகிறார். இக்கருத்து வேறுபாட்டை மறைத்து, யூத மரபு நினிவேயை ஒரே குரலில் புகழ்கிறது என்று எழுதுவதும் பிழையே. யோம் கிப்பூர் காலை வழிபாட்டில் வாசிக்கப்படும் ஏசாயா பகுதியும், பசித்தவனுக்கு உணவைப் பகிர்ந்து கொடுக்காத நோன்பைக் கடிந்துகொள்கிறது. பட்டினி கிடக்கும் சபையின் முன்னால் அன்று இருமுறை, வெறும் பட்டினி போதாது என்று வாசிக்கப்படுகிறது என்பதே என் புரிதல்.

யோனாவைக் கோழை என்று தீர்த்துவிடுவது மற்றொரு தவறு. புயலின் நடுவே, தன்னைத் தூக்கிக் கடலில் எறியும்படி மாலுமிகளிடம் சொல்பவரை எப்படிக் கோழை என்பது? தாம் தப்பி ஓடியதன் காரணத்தை நான்காம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார்: கடவுள் இரக்கமுள்ளவர், நினிவேயை மன்னித்துவிடுவார் என்பது அவருக்கு முன்பே தெரியும். நினிவே அசீரியப் பேரரசின் பெருநகரம். வட இஸ்ரவேல் அரசைப் பின்னாளில் அழித்தது அதே அசீரியாதான். அயலார் ஒரே அழைப்பில் மனந்திரும்பிவிட்டால், பலமுறை எச்சரிக்கப்பட்டும் திரும்பாத இஸ்ரவேலுக்கு அது குற்றச்சாட்டாகிவிடும் என்று யோனா அஞ்சியதாக மித்ராஷ் எனப்படும் மறைநூல் விளக்க நூல்களுள் ஒன்றான மெகில்தா விளக்குகிறது. அவர் தந்தையாகிய கடவுளின் மானத்தை விட்டு, மகனாகிய இஸ்ரவேலின் மானத்துக்காக வாதாடினார் என்று அது குறை கூறுகிறது. ஆனால் கோழை என்று சொல்லவில்லை.

மூன்றாம் அதிகாரத்தோடு கதையை முடித்துக்கொள்பவர்கள்தாம் வாசிப்பின் பொருளை அதிகம் இழக்கிறார்கள். யாத்திராகமம் 34இல் உள்ள, கடவுளின் பதின்மூன்று இரக்கப் பண்புகளை யோம் கிப்பூர் வழிபாட்டில் சபை பலமுறை ஓதுகிறது. யோனாவும் அதே வரிகளைச் சொல்கிறார், ஆனால் கோபத்தோடு, புகாராகச் சொல்கிறார். மேலும், யாத்திராகமத்தில் 'சத்தியம்' வரும் இடத்தில், கடவுள் தீங்கு செய்வதினின்று மனம் மாறுபவர் என்று யோனா சொல்கிறார். குற்றத்துக்குத் தண்டனை என்ற கணக்கு நேராக வேண்டும் என்று நினைப்பவரின் மனக்குறை அதில் தெரிகிறது. தமக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காகச் சாகும் அளவுக்கு வருந்துகிறவரிடம், வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத 1,20,000க்கும் மேற்பட்ட மனிதரும் மிகுந்த விலங்குகளும் வாழும் நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். யோனாவின் பதில் நூலில் இல்லை. காலை முதல் தனக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் சபைக்கு, தனக்குப் பிடிக்காதவனுக்கும் அதே மன்னிப்புக் கிடைப்பதை ஏற்க முடியுமா என்ற கேள்வி இங்கே வந்து சேர்கிறது.

கிறித்தவ வாசகர்கள், மீன் வயிற்றில் கழிந்த மூன்று நாட்களை இயேசுவின் உயிர்த்தெழுதலோடு இணைத்துப் படித்தே பழகியவர்கள். மத்தேயு நற்செய்தியில் வரும் அப்பொருள் அவர்கள் மரபுக்குரியது. யோம் கிப்பூர் வழக்கத்துக்கு அதைக் காரணமாக்கக் கூடாது. யோனாவை, விழா நாட்களில் வாசிக்கப்படும் ஐந்து மெகில்லாக்களுள் (சுருள்களுள்) ஒன்றாக எழுதுவதும் தவறு. பூரிமில் வாசிக்கப்படும் எஸ்தரும் ரூத் முதலியவையும் அந்த ஐந்தில் அடங்கும். யோனாவோ பன்னிரு தீர்க்கதரிசிகளுள் ஒருவர், அவருடைய நூல் இங்கே ஹஃப்தாராவாக, அதாவது தோரா வாசிப்பை அடுத்து வரும் தீர்க்கதரிசி நூல் பகுதியாக, வாசிக்கப்படுகிறது. பல ஜெபஆலயங்களில் இதை வாசிக்கும் சிறப்புரிமை பெரும் நன்கொடைக்கு ஏலம் விடப்படுகிறது. செல்வம் சேரும் என்ற நம்பிக்கையும் அதைச் சுற்றி உண்டு. அது பிற்கால நம்பிக்கையே தவிர, இந்நூலைத் தேர்ந்ததற்குக் காரணமன்று.

கடவுளின் கேள்வியோடு வாசிப்பு நின்றுவிடுகிறது என்று எழுதுபவர்களும் உண்டு. நூல் அங்கே முடிகிறது, வாசிப்பு முடிவதில்லை. வாசிப்பவர் தொடர்ந்து மீகாவின் நூலுக்குச் சென்று, 7ஆம் அதிகாரத்தின் 18 முதல் 20 வரையான வசனங்களைச் சேர்த்து வாசிக்கிறார். பாவங்களையெல்லாம் கடவுள் கடலின் ஆழத்தில் எறிந்துவிடுவார் என்று கூறும் அவ்வசனங்கள், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா நாளில் நீர்க்கரையில் செய்யப்படும் தஷ்லிக் சடங்கிலும் ஓதப்படுகின்றன. யோனா சொல்லாமல் விட்ட 'சத்தியம்' இவற்றின் கடைசி வசனத்தில் மீண்டும் வருகிறது, அதுவும் கிருபையோடு சேர்ந்தே.