நம்ம தெருவிலேயே ஜகாத் கொடுக்க

ரமலானில் ஜகாத்தை, அதாவது வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுதோறும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மத்தை, எங்கள் மேலப்பாளையத்து வாசலில் நிற்பவர்களுக்கெல்லாம் பத்துப் பத்து ரூபாயாக நீட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது யாருடைய கடனையும் அடைக்காது.

முதலில் கணக்கு. கையிருப்பு, வங்கிப் பணம், கடைச்சரக்கு எல்லாம் சேர்ந்து நிஸாபை, அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை, எட்டி (85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு), ஒரு சந்திர ஆண்டு ஓடியிருந்தால் நூற்றுக்கு இரண்டரை. போட்டுக்கொள்ளும் நகை விஷயத்தில் மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பிரிவுகள்) வேறுபடும், மார்க்கம் படித்த ஆலிமிடம் கேளுங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கூடாது. கஷ்டப்படும் தங்கச்சிக்குக் கூடும், அவளுக்கே முதலிடம். அப்புறம் பக்கத்து வீடுகள். பீடி சுற்றும் லாத்தாமார் (அக்காமார்) வாய் திறந்து கேட்கமாட்டார்கள். மளிகைக்கடைப் பற்று நோட்டு சொல்லும். கடைக்காரரிடம் மெதுவாக விசாரியுங்கள். ஆனால் பாக்கியை நீங்களே போய் அடைக்காதீர்கள். பணம் அவர்கள் கைக்குப் போகட்டும், அவர்களுக்கே உரிமையாகட்டும். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம், மனசுக்குள் நிய்யத் (எண்ணம்) போதும். தையல் மிஷின் வாங்குமளவு ஒரே வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வருஷம் அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது.

நோன்புப் பெருநாள் தர்மமான பித்ரா அரிசி பெருநாள் தொழுகைக்கு முன்னால் போய்ச்சேர வேண்டும். நாமாக விரும்பிக் கொடுக்கும் ஸதகாவுக்கு நாளும் இல்லை, மதமும் இல்லை. கீரை விற்க வரும் அக்காவுக்கும் கொடுக்கலாம்.