குட்டி கார்ன் ஸ்நேக்கை கைக்குப் பழக்குறது எப்படி?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்தியாவுல இருந்து படிக்கிறவங்க தோட்டத்துல வர்ற சாரைப்பாம்பையோ மண்ணுளிப் பாம்பையோ புடிச்சு வளர்க்க நினைக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம், பாம்புக்கும் பெரிய கொடுமை. நான் இருக்கிறது இங்கிலாந்துல, இங்க கார்ன் ஸ்நேக் வளர்க்க லைசென்ஸ் தேவையில்ல. அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு, விஷம் கிடையாது. குட்டியா வரும்போது ஷூ லேஸ் தடிமன்தான் இருக்கும், வளந்தா நாலஞ்சு அடி, 15-20 வருஷம் கூட இருக்கும், அதனால அவசரமே வேணாம்.

ஸ்டெப் 1: தொடாதீங்க.

ஆமா, இதுதான் முதல் ஸ்டெப். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பத்து நாள் சும்மா விடுங்க, தண்ணி மாத்துறதோட சரி. டேங்க்ல, அதாவது அதை வளர்க்கிற கண்ணாடிப் பெட்டியில, ஒரு பக்கம் 28-30 டிகிரி சூடு, மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சி, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க இடம். ரெண்டு மூணு தடவை ஒழுங்கா சாப்பிட்டப்புறம்தான் கை வைக்கணும். நான் வாங்குன கடையில "இன்னைக்கே கையில எடுங்க, பழகிடும்"னாங்க, நானும் நம்பி எலிக்குஞ்சு கொடுத்த மறுநாளே எடுத்தேன், ராத்திரியே முழுசா கக்கிடுச்சு. அந்தச் சின்ன உடம்பு அதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு இப்பவும் மனசு கேக்காது. சாப்பாடு போட்டா 48 மணி நேரம் கிட்டயே போகாதீங்க.

ஸ்டெப் 2: கைய கழுவுங்க. கையில எலி வாசனை இருந்தா உங்க விரலும் அதுக்கு சாப்பாடுதான்.

ஸ்டெப் 3: தூக்குறது.

மேல இருந்து கைய கொண்டுபோகாதீங்க, காட்டுல பருந்து அப்படித்தான் வரும், அதுக்கு உசுர் பயம். பக்கவாட்டுல மெதுவா கொண்டுபோய் நடு உடம்புக்கு அடியில விரலை விட்டு தூக்குங்க, தலையையோ வாலையோ புடிக்கவே கூடாது. தயங்கித் தயங்கி கைய நீட்டி இழுக்கிறதுதான் அதை இன்னும் பயமுறுத்தும், ஒரே சீரா போங்க. குட்டி வாலை படபடன்னு ஆட்டும், சில சமயம் நாத்தமா ஒரு திரவத்தை விடும், அது கோபமில்ல, பயம்.

கையில வந்ததும் இறுக்காதீங்க. ஓடத்தான் பாக்கும், ஒரு கையில இருந்து அடுத்த கை, அதுல இருந்து மறுபடி இந்த கைன்னு ஏணி மாதிரி மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருங்க, உக்காந்துக்கிட்டே செய்யுங்க, நழுவினாலும் மடியிலதான் விழும். கொஞ்ச நேரத்துல வேகம் குறையும், வாலை உங்க சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்திக்கும், நாக்கை நிதானமா நீட்டி மணிக்கட்டை மோந்து பாக்கும். அப்ப மெல்ல திருப்பிப் பாருங்க, அடிவயித்துல கறுப்பு வெள்ளைக் கட்டம் கட்டமா, சோளக்கதிர் மாதிரியே இருக்கும், அவ்வளவு அழகு.

ஸ்டெப் 4: முதல்ல அஞ்சு நிமிஷம் போதும், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், போகப் போக பத்து பதினஞ்சு நிமிஷம். அது அமைதியா இருக்கிறப்பவே திருப்பி வைக்கணும். துள்ளுறப்பவோ கடிச்ச உடனேயோ வச்சா, இப்படி பண்ணா விட்டுடுவாங்கன்னு கத்துக்கும். கடிச்சா வெடுக்குனு இழுக்காதீங்க, பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், மாட்டி உடையும். அசையாம இருந்தா தானா விட்டுடும், முள்ளு கீறுன மாதிரிதான்.

கண்ணு பால் கலந்த மாதிரி நீலமா மங்கிட்டா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அதுக்கு சரியா கண்ணு தெரியாது, உரிச்சு முடிக்கிற வரைக்கும் விட்டுடுங்க. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க கையில கொடுக்காதீங்க, சால்மோனெல்லா கிருமி ஒட்டும், பெரியவங்களும் வச்சு முடிச்சதும் சோப்பு போட்டு கழுவணும்.

உள்ள விட்டதும் மூடியோட கிளிப்பை ரெண்டு பக்கமும் இழுத்துப் பாத்து போடுங்க, பென்சில் நுழையிற இடுக்கு இருந்தாலே குட்டி வெளிய போயிடும்.