லினக்ஸில் சர்வீஸ் மேலாண்மைச் சாளரம் உறைந்து நின்றால்: செய்யக்கூடாத சில காரியங்கள்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றில் நான்கு லினக்ஸ் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், மின்சாரம் போய் வந்தது. மூன்று கணினிகளை யூ.பி.எஸ். தாங்கிவிட்டது. கணக்குக் கோப்புகளை மற்றவற்றுக்குப் பகிரும் நான்காவது கணினி மட்டும் அணைந்துபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் கணக்கு எழுதும் பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, பிரிண்டர் சர்வீஸைத் திரும்பத் தொடங்கலாம் என்று அந்தச் சாளரத்தைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டது. எட்டு முறை மூடித் திறந்துவிட்டேன்."

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். உறைந்திருப்பது சாளரம் என்பதால் கோளாறும் அதற்குள்ளேதான் என்று நினைத்துவிடுகிறோம். சாளரம் வெறும் தூதுவன். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, ஆள்வது சிஸ்டம்டி. 2011இல் ஃபெடோரா 15 அதை இயல்பிருப்பாக ஏற்றது, மற்றவை பின்தொடர்ந்தன. சாளரம், நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக அதனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. நிரலைச் சரியாக எழுதாவிட்டால், காத்திருக்கும் நேரம் முழுவதும் சாளரம் செத்ததுபோல் கிடக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? சாதாரண சர்வீஸ் ஒன்று தொடங்க சிஸ்டம்டி இயல்பாகக் கொடுக்கும் அவகாசம் 90 விநாடி, நிறுத்தவும் அவ்வளவே. அதற்குள் தொடங்கு, நிறுத்து என்று மாறி மாறிக் கிளிக் செய்தால், பின்னால் கொடுத்த கட்டளை முன்னதைத் தள்ளிவிடும். ஒரு வேலையை முடித்ததும் ஓய்ந்துவிடும் ஒன்ஷாட் வகைச் சர்வீஸுக்குத் தொடங்கும்போது இயல்பான காலவரம்பே கிடையாது. பேக்கப் எடுக்கும் சர்வீஸ்கள் பல இந்த வகைதான். இவை மணிக்கணக்கில் முடியாமல் நின்றாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

ஆகவே டெர்மினலைத் திறந்து 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ்' (systemctl list-jobs) என்று கேளுங்கள். 'ரன்னிங்' என்று காட்டும் வேலைதான் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது. 'வெயிட்டிங்' என்பவை அதன் பின்னால் நிற்கும் வரிசை. அன்று எங்களுக்கு அந்தப் பட்டியல் காலியாக வந்தது. அதுவே பெரிய துப்பு: சிஸ்டம்டி ஒழுங்காகத்தான் இருக்கிறது, சாளரம் வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது. அடுத்து, ஓடும் செயலிகளைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையில் அந்தச் சாளரச் செயலியின் நிலையைப் பார்க்கச் சொன்னேன். 'டி' (D) என்ற எழுத்து, பக்கத்தில் 'ஆர்பிசி' என்று தொடங்கும் ஒரு பெயர். பிணையத்தில் இருக்கும் கோப்பகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கொடுத்தால் அதுவும் நின்றது. உள்ளூர் டிஸ்குகளை மட்டும் பார்க்கும் 'டிஎஃப் -எல்' உடனே பதில் சொன்னது. அதாவது உள்ளூர் டிஸ்குகள் நலம், பகிர்ந்த கோப்பகம்தான் இல்லை. அந்தச் சாளரம் முதல் பக்கத்தில் டிஸ்க் இடத்தையும் காட்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டது.

இங்கே செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் -9' கொடுத்தால் செயலி செத்துப்போகலாம். மறுபடி திறந்தால் மறுபடி அதே இடத்தில்தான் போய் நிற்கும். நான்காவது கணினியை இயக்கினோம். சிறிது நேரத்தில் எல்லாம் தானாக ஓடத் தொடங்கியது.

வேறு சமயங்களில் காரணம் இன்னும் எளியது. கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டி பெரிய சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆல்ட்-டேப் அழுத்திப் பாருங்கள். டி-பஸ் அழைப்புக்கு வழக்கமான காலவரம்பு 25 விநாடி என்பதால், தாமதித்தால் 'பதில் வரவில்லை' என்ற பிழைதான் மிஞ்சும்.

கோபத்தில் டி-பஸ்ஸை மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். டெஸ்க்டாப் முழுவதுமே அதன் மீது நிற்கிறது. திறந்து வைத்த வேலையெல்லாம் போய்விடக்கூடும். சாளரத்தை, நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' கொண்டு திறப்பதும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கோப்பகத்தில் ரூட் (நிர்வாகி) பெயரில் அமைப்புக் கோப்புகள் விழுந்து, மறுநாள் சாதாரணமாகத் திறக்கும்போது வேறொரு சிக்கல் வரும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இப்படி ஒருமுறை அடிபட்டவர்கள் பிணையத்தில் கோப்பகத்தைப் பகிரும் என்எஃப்எஸ் இணைப்பை, பதில் வரும்வரை காத்திருக்கும் 'ஹார்டு' முறையிலிருந்து, சற்று முயன்று கைவிட்டுவிடும் 'சாஃப்ட்' முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்போது சாளரம் தொங்காது, உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் விடுபட்டு, யாருக்கும் தெரியாமல் தரவு கெட்டுப்போகலாம். பிறர் கொண்டுவந்து கொடுத்த ஷீட்டின் எடையும் அவர்களுக்குத் தர வேண்டிய பணமும் அந்தக் கோப்பில் இருக்கின்றன. நான் 'ஹார்டு' முறையை அப்படியே விட்டுவிட்டு, நான்காவது கணினியின் மின் இணைப்பையும் யூ.பி.எஸ்.ஸுக்கு மாற்றினேன்.